கங்காணி வீட்டு அரிசி

சிம்பாங் ரெங்கத்திலிருந்து செம்மண் சடக்கில் போனால் வரும் ஆறாங்கட்டைத் தோட்டத்தில், பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்பை ஞானேஸ்வரி ஆரம்பித்தபோது ரப்பர் விலை இன்னும் விழவில்லை. அவள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் அம்பிகைபாகனின் மனைவி. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளியில் படித்தவள்.

தோட்டத்தில் பையன்களுக்குக் காலையில் பேருக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பெண் பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதில்லை. அம்மாக்கள் ரப்பர் பால்வெட்டுக்குப் போனதும் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும். பத்து வயதைத் தாண்டினால் புல்வெட்டுக்குப் போய்க் கூலி கொண்டுவர வேண்டும். ஞானேஸ்வரி துரையிடம் கேட்டு, ரப்பர் ஷீட் அடுக்கிய பழைய ஸ்டோரை வாங்கிக் கூட்டிப் பெருக்கினாள். மத்தியானத்தில் எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுப்பதாக, கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள். அடுத்த வாரம் ஒருவரும் வரவில்லை.

“படிச்சா வயிறு நெறையுமாம்மா?” என்று கேட்டாள் காளியம்மா. அவளுக்கு இரண்டு மகள்கள். “புல்லு வெட்டப் போனா எம்மக அரிசிக்காவது கொண்டாறா.”

பதில் சொன்னது பேச்சியம்மாள்.

பேச்சியம்மாள் பால்வெட்டுக்காரி. வயது முப்பத்தைந்து இருக்கும். அவளுடைய ஒரே மகளைப் பன்னிரண்டு வயதில் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தார்கள். முதல் பிரசவத்தில், டிரெஸ்ஸரைக் கூப்பிட ஆள் போய்த் திரும்புவதற்குள் அவள் செத்துப்போனாள். பேச்சியம்மாளின் புருஷனும் அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. பேச்சியம்மாள் இதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. லயத்தில் எல்லாருக்கும் தெரியும் என்பதால் பேச வேண்டியதும் இல்லை.

“ஒரு வேளை கஞ்சி ஊத்துங்கம்மா. புள்ளைங்க தானா வரும்” என்றாள் அவள்.

“அரிசிக்கு எங்கை போறது?”

“அத நான் பாத்துக்கிறேன்.”

அன்று சாயந்திரமே ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்து இதில் போட வேண்டும், அவ்வளவுதான். பிச்சை கேட்கிற குரலில் அவள் கேட்கவில்லை. “நம்ம பொட்டப்புள்ளைங்களுக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு டின்னை நீட்டினாள். பெண் பிள்ளை இல்லாதவர்களும் போட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவளோடு சண்டை போட்டு ஒரு வருஷமாகப் பேசாமல் இருந்தவள்கூட, முகத்தைத் திருப்பிக்கொண்டே போட்டாள். காளியம்மா முதல் நாள் போடவில்லை. இரண்டாம் நாள் மூத்த மகள் ஸ்டோருக்குப் போய்க் கஞ்சி குடித்துவிட்டு வந்ததைப் பார்த்தபின் போட்டாள்.

வகுப்பு நிறைந்தது. பிள்ளைகள் ரவிக்கை தைத்தார்கள். அட்டையில் எழுதிய எழுத்துகளைக் கூட்டிப் படித்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஸ்டோருக்கு வெளியே கும்மியடித்தார்கள். அவர்களில் பால்வெட்டுக்காரன் வேலுவின் மூத்த மகள் அங்கம்மாவும் இருந்தாள். தாய் இல்லாத பெண். தங்கை செல்லத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே வருவாள். கூட்டிப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் படித்தாள். கோயில் உண்டியலில் எழுதியிருந்ததைப் படித்தாள். யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த துணிப்பையைப் படித்தாள். படித்துவிட்டு, “இவ்வளவுதானா, இதுக்கா இத்தன நாளு பயந்தோம்” என்று சிரித்தாள். ஞானேஸ்வரி ஒரு எழுத்தைத் தவறாகப் போட்டுவிட்டால் எழுந்து நின்று சொல்லிவிடுவாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. கூலியைக் குறைத்தார்கள், பிறகு மறுபடி குறைத்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு பேர் வெட்டிய இடத்தில் ஒருவருக்குத்தான் வேலை என்றார்கள். செக்ரோல் என்ற வேலையாள் பதிவில் பேர் அடிக்கப்பட்டவர்களை லாரியில் ஏற்றி ரயிலுக்கும், அங்கிருந்து கப்பலுக்கும் அனுப்பினார்கள். பேச்சியம்மாளின் டின்னில் பிடி அரிசி அரைப் பிடியாயிற்று. சில வீடுகளில் அவள் வருகிற சத்தம் கேட்டதும் கதவைச் சாத்தினார்கள். யாரையும் அவள் குறை சொல்லவில்லை. பானையில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்த வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். ஸ்டோரில் கஞ்சி தண்ணீராக ஓடியது. பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தங்கராஜு கங்காணி ஸ்டோருக்கு வந்தார். தோட்டத்தில் பாதிப் பேர் அவர் ஊரிலிருந்து கூட்டிவந்த ஆட்கள். கோட்டும் தலைப்பாகையும் போட்டிருப்பார், அதிர்ந்து பேச மாட்டார். மாரியம்மன் கோயிலுக்குத் தகரக் கூரை போட்டவர் அவர்தான். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்பார்.

“பொம்பளைங்க டின்ன தூக்கிட்டு அலையறது நமக்கே அசிங்கமா இருக்கு” என்றார். “மாசம் ஒரு மூட்டை நான் தர்றேன். புள்ளைங்க நல்லாப் படிக்கட்டும்.”

ஞானேஸ்வரி கண் கலங்கிவிட்டாள். துரையை அழைத்து ஒரு சின்னக் கூட்டம் வைத்தாள். பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். அங்கம்மாதான் கங்காணிக்கு மாலை போட்டாள், உயரமான பெண் என்பதால் அவளை நிறுத்தினார்கள். பேச்சியம்மாள் அன்றோடு டின்னைப் பரணில் போட்டாள். அவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. விடியற்காலை பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, வெட்டு முடித்து, பால் சுமந்து, அதற்குமேல் வீடு வீடாக நடக்க வேண்டியதில்லை. கஞ்சி மறுபடி கெட்டியாயிற்று. நின்றுபோன பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

சில மாதம் கழித்து, கங்காணியின் மனைவி ராஜம்மா தட்டில் பழமும் ஒரு சேலையும் வைத்துக்கொண்டு வேலுவின் வீட்டுக்குப் போனாள். ராஜம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அங்கம்மாவைத் தன் புருஷனுக்குக் கேட்டு அவளே வந்திருந்தாள்.

வேலு அன்று சாயந்திரம் பேச்சியம்மாளிடம் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு நெஞ்சில் சளி. வெட்டு முடிப்பதற்குள் நாலு தடவை உட்கார்ந்துவிடுவான்.

“என்ன சொன்ன?” என்று கேட்டாள்.

“யோசிச்சு சொல்றேன்னேன்.”

“அதுல யோசிக்க என்ன இருக்கு வேலு? அவருக்கு உன்ன விட வயசு கூட.”

“அடுத்த மாசம் இருபது பேர நிறுத்தறாங்களாம். யார் யாருன்னு தொரை கங்காணியத்தான் கேப்பாரு.” வேலு இருமினான். “அவரு மெரட்டலக்கா. நல்ல விதமாத்தான் பேசினாரு. ஒன் ஒடம்புக்கு இனி வெட்டு ஆகாது, நம்ம வீட்டு மனுசனாயிட்டா நான் பாத்துக்கிறேன்னாரு. என்ன நிறுத்தினா இதுகள கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?”

அடுத்த நாள் பேச்சியம்மாள் ஞானேஸ்வரியிடம் சொன்னாள். ஞானேஸ்வரி தன் கணவனிடம் சொன்னாள். அம்பிகைபாகன் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் சொன்னது இது: “கங்காணி துரைக்கு வலது கை. தகப்பன் சம்மதிச்சால் கேக்கச் சட்டம் இல்லை. நாங்கள் இஞ்சை உத்தியோகத்துக்கு வந்தனாங்கள். நீ இதுக்குள்ளை போகாதை.”

அவள் போனாள். பேச்சியம்மாளையும் கூட்டிக்கொண்டு கங்காணி வீட்டுப் படியேறினாள். தங்கராஜு நாற்காலி போடச் சொன்னார். ராஜம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“அவள் சின்னப் பிள்ளை ஐயா. நல்லாப் படிக்கிறாள். அவளை விட்டுவிடுங்கோ” என்றாள் ஞானேஸ்வரி.

“நான் என்ன கஷ்டப்படுத்தவா கேக்குறேன்? தாயில்லாத புள்ள. இங்க வந்தா மூணு வேளை சோறு திங்கும்.” அவர் குரல் மாறவே இல்லை. “நீங்க படிச்சவங்க. பெரிய மனசு பண்ணி இந்தப் புள்ளைங்களுக்குச் செய்யறீங்க. நானும் என்னால ஆனதச் செய்யறேன்.”

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். “இந்த மாசம் அரிசி கொஞ்சம் தாமசம் ஆயிடுச்சு. கல்யாணம் முடியட்டும், எல்லாம் ஒழுங்கா வந்திரும்” என்றார்.

இருவரும் சடக்கில் இறங்கி நடந்தார்கள்.

பேச்சியம்மாள் குழாயடியில் பெண்களைக் கூட்டிப் பேசினாள். “அந்த மூட்டை நமக்கு வேணாம். முந்தி மாதிரி ஆளுக்கு ஒரு பிடி போடுவோம். அரைப் பிடி போடுங்க, போதும்.”

கடைசியில் காளியம்மாதான் வாயைத் திறந்தாள். “எங்கேருந்து போடறது பேச்சி? எங்கூட்டுல ராத்திரிக்கு மரவள்ளிக் கெழங்கு. ரெண்டு பொட்டப்புள்ளையும் அங்க குடிக்கிற கஞ்சிலதான் நிக்குது.” அவள் யாரையும் பார்க்காமல் பேசினாள். “ஒருத்திக்காக எல்லாப் புள்ளையும் பட்டினி கெடக்கணுமா? அவளும் கெட்டா போறா? கங்காணியோட பலகை வீட்டுக்குத்தான போறா.”

“எம்மகளும் அப்படித்தான் போனா” என்றாள் பேச்சியம்மாள்.

அவள் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தது அதுதான் முதல் தடவை. பெண்கள் தலை குனிந்து தண்ணீர்க்குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். அன்று சாயந்திரம் அவள் டின்னை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். லயம் முழுக்கச் சுற்றியும் டின்னின் அடி மறையவில்லை. போட்ட சிலரும், “கங்காணிக்குத் தெரிய வேணாம்” என்று சொல்லிவிட்டுப் போட்டார்கள்.

அங்கம்மா அவளைத் தேடி வந்தாள். லயத்துக்குப் பின்னால் பேச்சியம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு துணியை எடுத்துத் தானும் அலசினாள்.

“அத்தே, நான் மாட்டேன்னா அப்பாவ கப்பல்ல ஏத்திருவாங்களா?”

“ஏத்துவாங்க.”

“செல்லத்தையும்?”

“எல்லாத்தையும்தான்.”

“ஊர்ல நமக்கு யாரு இருக்கா?”

“யாரும் இல்ல. இருந்தா உங்கப்பன் இங்க ஏன் வந்தான்?”

அங்கம்மா துணியைப் பிழிந்து வைத்தாள். “டீச்சரம்மா என்னய மாட்டேன்னு சொல்லச் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?”

பேச்சியம்மாள் கையிலிருந்த சோப்புக்கட்டியைக் கல்லின் மேல் வைத்தாள். மாட்டேன் என்று சொல், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எதை வைத்துப் பார்த்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் பதில் சொல்லாமல் இருந்ததிலேயே அந்தப் பெண்ணுக்குப் பதில் கிடைத்துவிட்டது. எழுந்து போய்விட்டாள்.

வேலு சம்மதம் சொன்ன மறுநாள் காலையில் ஸ்டோர் வாசலில் இரண்டு மூட்டை அரிசி இறங்கியது. பேச்சியம்மாள் கஞ்சி வைத்தாள். மத்தியானம் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். அங்கம்மா வரவில்லை. காளியம்மாவின் மூத்த மகள் தன் மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

“ஏன்டி?”

“இது அங்கம்மாவ குடுத்து வாங்கின அரிசி.”

பக்கத்தில் இருந்தவளும் கவிழ்த்தாள். பிறகு வரிசை முழுக்கக் கவிழ்ந்தது. சின்னப் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்துக் கவிழ்த்தார்கள். ஞானேஸ்வரி முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய் நின்றாள். பேச்சியம்மாள் கரண்டியோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குள் ஏதோ எழும்பியது. இந்தப் பிள்ளைகள் விடமாட்டார்கள், இதைப் பார்த்து அம்மாக்களும் மாறுவார்கள் என்று அன்று முழுக்க நம்பினாள்.

அடுத்த நாள் பாதிப் பேர் கவிழ்த்தார்கள். வீட்டில் அடி வாங்கிய தடம் சிலர் கையில் இருந்தது. மூன்றாம் நாள் கஞ்சி வாசனை வந்ததும் கடைசி வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. செல்லம்தான் அது. அக்காள் இல்லாமல் தனியாக வந்திருந்தாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினாள்.

பேச்சியம்மாள் ஊற்றினாள். பிறகு எல்லாருக்கும் ஊற்றினாள். காளியம்மாவின் மகள் கடைசிவரை கவிழ்த்தே வைத்திருந்தாள். பேச்சியம்மாள் அவளருகே போய், கிண்ணத்தைத் தானே நிமிர்த்தி வைத்து ஊற்றினாள். “குடி. நீ குடிக்காட்டி அவளுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல” என்றாள். அந்தப் பெண் அழுதுகொண்டே குடித்தாள்.

கல்யாணம் மாரியம்மன் கோயிலில் நடந்தது. ஞானேஸ்வரி வரவில்லை. பேச்சியம்மாள் போனாள், அங்கம்மா திரும்பிப் பார்த்தால் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கட்டும் என்று. அங்கம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மாதாமாதம் அரிசி அங்கம்மாவின் கையால்தான் வந்தது. கங்காணி அப்படி ஏற்பாடு செய்திருந்தார். ஆள் மூட்டையைச் சுமந்து வருவான். அவள் பட்டுச்சேலையில் முன்னால் வருவாள். ஸ்டோர் வாசலில் நின்று, இறக்கச் சொல்லிவிட்டுத் திரும்புவாள்.

“உள்ளை வா பிள்ளை. கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போ” என்றாள் ஞானேஸ்வரி.

“உள்ள போவக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க டீச்சர்.”

ஒரு தடவை அவள் மணிக்கட்டு வீங்கியிருந்தது. உலக்கை பட்டுவிட்டது என்றாள். ராஜம்மா வீட்டில் நெல் குத்துவதில்லை என்று பேச்சியம்மாளுக்குத் தெரியும். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று பயந்தாள்.

ஞானேஸ்வரி வகுப்பை நடத்திக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் பாட்டை நிறுத்திவிட்டாள். ஒரு வருஷம் கழித்து அம்பிகைபாகனை சாஆ என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். போகும்போது அவள் பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் இதைத் தொடங்காமல் விட்டிருக்கலாம்” என்றாள். பேச்சியம்மாள் அப்படிச் சொல்லாதீர்கள் என்று சொல்லவில்லை. பழைய ஸ்டோரில் பூட்டுத் தொங்கியது. பெண் பிள்ளைகள் மறுபடி புல்வெட்டுக்குப் போனார்கள், அதுவும் வேலை கிடைத்த நாள்களில்.

கங்காணியையும் காலம் விடவில்லை. ஊரிலிருந்து ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இருக்கிற ஆளும் குறைய, தலைக்கு இவ்வளவு என்று அவருக்கு வந்த வரும்படி நின்றது. ஒரு நாள் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டு, ராஜம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கப்பல் ஏறினார். இருவருக்குத்தான் இப்போது வசதி, பின்னால் ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று அங்கம்மாவை வேலுவின் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். பட்டுச்சேலையை ராஜம்மா பெட்டியில் எடுத்துக்கொண்டாள்.

அங்கம்மா மறுபடி லயத்துக்கு வந்தபோது யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. காளியம்மா அவளைக் கண்டால் வேறு வழியில் போனாள். அங்கம்மா பழைய சேலையை இழுத்துக் கட்டிக்கொண்டு, உடம்பு முடியாத அப்பாவின் மரநிரையில் பால் வெட்டப் போனாள். சிரிப்பதில்லை. செல்லம் ஏதாவது கேட்டால் மட்டும் பதில் சொல்வாள்.

அந்த வருஷம் ஆபீஸ் சுவரில் ஒரு தமிழ் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆண்கள் பலர் கள்ளுக்கடைப் பக்கம் இருந்தார்கள். பெண்கள்தான் முன்னால் நின்றார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தபோது, வாளியோடு வந்த அங்கம்மாவுக்கு வழி விட்டார்கள்.

அவள் படித்தாள். தோட்டத்தின் கீழ்ப்பாதி மூடப்படுகிறது, வேலை இல்லாதவர்களை அரசாங்கச் செலவில் நாகப்பட்டினத்துக்கு அனுப்புவார்கள், இருக்கிறவர்களுக்கு இனிமேல் இன்ன கூலிதான். குரல் எங்கும் நிற்கவில்லை, எந்த எழுத்தும் தடுக்கவில்லை.

“இன்னொரு தரம் படிம்மா” என்றாள் காளியம்மா.

அவள் இன்னொரு தரம் படித்தாள்.

ஊருக்குப் போக வேலு பேர் கொடுத்தான். செல்லத்தையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னான். அங்கம்மா வரமாட்டேன் என்றாள்.

“ஊருக்குப் போனா அந்த ஆளு வீட்டுலதான் கொண்டு போயி விடுவீங்க. அவரு ஊரும் நம்ம ஊரும் ஒண்ணுதானப்பா.”

வேலு வெகுநேரம் இருமினான். அவள் சொன்னதை மறுக்கவில்லை. “இங்க யாரு இருக்கா உனக்கு?” என்றான்.

பேச்சியம்மாள் கதவருகே நின்றிருந்தாள். “எங்கூட இருக்கட்டும்” என்றாள்.

அங்கம்மா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்பது போல இருந்தது. பேச்சியம்மாள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

லாரி விடிந்ததும் வந்தது. செல்லம் அழாமல் ஏறிவிட்டு, சடக்கு திரும்பும் இடத்தில்தான் அழுதாள். அந்தச் சத்தம் ரப்பர் மரங்களுக்குள் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. பெரட்டு மணி அடித்தார்கள். அங்கம்மா பால்வெட்டும் உளியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பேச்சியம்மாள் நாலடி பின்னால் போனாள். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட நினைத்தாள். கூப்பிடவில்லை.